கிளம்பாத கணினி: எதுவரை வந்து நின்றது?

வீட்டுக் கணினி கிளம்பவில்லை என்றதும் பலர் செய்வது இரண்டில் ஒன்று. பவர் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவார்கள். இல்லையென்றால், "விண்டோஸ் போயிடுச்சு, ஃபார்மட் அடிச்சுடலாம்" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். முதலாவதால் லாபமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை. இரண்டாவது அப்படியல்ல. மதர்போர்டில் (பாகங்களெல்லாம் சொருகியிருக்கும் முதன்மைப் பலகை) இருக்கும் காசு அளவு பேட்டரி ஒன்று தீர்ந்துபோனதற்காக மொத்த டிஸ்க்கையும் அழித்துவிட்டு, பிள்ளைகளின் படங்களைத் தேடிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு.

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருக்கும் நம் குடும்பங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கணினி எந்த நாட்டிலும் ஒன்றுதான், அது படுத்துக்கொள்ளும் காரணங்கள்தான் ஊருக்கு ஊர் மாறுகின்றன. தென்னாப்பிரிக்காவில் அந்தக் காரணங்களில் கணிசமானவை சுவரில் இருக்கும் பிளக்கிலிருந்தே தொடங்குகின்றன.

முதலில் ஓர் அடிப்படை. கணினி கிளம்புவது ஒரே செயல் அல்ல. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று வரிசையாகப் பல செயல்கள் நடக்கின்றன. தோட்டத்துக் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் உடனே கிணற்றைத் தூர்வாரப் போவதில்லை. வாய்க்கால் எதுவரை நனைந்திருக்கிறது என்று நடந்து பார்ப்பார்கள். இங்கேயும் அதே கேள்விதான். கடைசியாகச் சரியாக நடந்தது எது?

தொலைபேசியில் அடிக்கடி நடக்கும் உரையாடல் இப்படி இருக்கும்.

"அண்ணா, கம்ப்யூட்டர் ஆன் ஆகல."

"லைட் எரியுதா?"

"எரியுது."

"ஃபேன் சத்தம் கேக்குதா?"

"கேக்குது."

"அப்ப ஆன் ஆயிடுச்சும்மா. ஸ்க்ரீன்ல என்ன தெரியுது?"

"ஒண்ணும் இல்ல... இல்லண்ணா, முதல்ல கம்பெனி பேர் வந்துச்சு. அப்புறம் கறுப்பாயிடுச்சு."

அந்தக் கடைசி வரியில் பாதி வேலை முடிந்துவிட்டது. கம்பெனி பெயர் திரையில் வந்துவிட்டதென்றால் பவர் சப்ளை (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி), பிராசசர் (கணக்குப் போடும் மூளை), ரேம் (தற்காலிக நினைவகம்), திரை, திரைக்கு வரும் வயர் எல்லாமே அந்த நிமிடத்தில் வேலை செய்திருக்கின்றன. அவற்றையெல்லாம் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு டிஸ்க்குக்கும் விண்டோஸுக்கும் போகலாம். ஃபேன்கூடச் சுற்றவில்லை என்று அவர் சொல்லியிருந்தால், விண்டோஸைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

பட்டனை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது?

பிளக் சொருகி ஸ்விட்ச் போட்டிருக்கும்வரை மேசைக் கணினி முழுதாகத் தூங்குவதில்லை. பவர் சப்ளை எப்போதும் ஒரு சிறிய 5 வோல்ட் மின்சாரத்தை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். முன்னால் இருக்கும் பட்டன் விளக்கு ஸ்விட்ச் போல மின்சாரத்தைத் திறந்து மூடுவதில்லை. "எழுந்திரு" என்று மதர்போர்டுக்குச் சொல்வது மட்டும்தான் அதன் வேலை. மதர்போர்டு பவர் சப்ளையைக் கேட்கும். அது 12, 5, 3.3 வோல்ட் மூன்றையும் கிளப்பி, அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, "சரி" என்ற சமிக்ஞையை அரை நொடிக்குள் அனுப்பும். அது வரும்வரை பிராசசர் அசையாது. பட்டனை அழுத்தியதும் ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுவிடுகிறதே, அது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். எங்கோ ஷார்ட் இருக்கிறது, அல்லது மின்சாரம் போதவில்லை. பவர் சப்ளை தன்னைத்தானே மூடிக்கொள்கிறது.

சமிக்ஞை வந்ததும் பிராசசர் மதர்போர்டிலுள்ள ஒரு சின்ன சிப்பில் இருக்கும் நிரலை ஓட்டும். இன்றைய கணினிகளில் அதன் சரியான பெயர் யூஇஎஃப்ஐ. ஆனால் எல்லோரும் இன்னும் பயாஸ் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன். அது ரேமைத் தட்டிப் பார்க்கும், திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸை எழுப்பும், கம்பெனி பெயரைக் காட்டும். பிறகு எந்த டிஸ்க்கிலிருந்து கிளம்புவது என்று தேடும். டிஸ்க்கில் ஒதுக்கிவைத்த ஒரு சிறு பகுதியில் விண்டோஸின் தொடக்க நிரல் இருக்கும். அது கிடைத்துவிட்டால் பயாஸ் ஒதுங்கிக்கொள்ளும், விண்டோஸ் பொறுப்பேற்கும். புள்ளிகள் வட்டமாகச் சுற்றுவது அதற்கப்புறம்தான்.

ஆக மின்சாரம், பயாஸ் சோதனை, டிஸ்க் தேடல், விண்டோஸ் என்று நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தில் கொஞ்சம் நின்று பேசலாம்.

சுவரிலிருந்து தொடங்குங்கள்

லோடு ஷெடிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு என்றால் என்ன என்று இந்த நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2007 கடைசியில் தொடங்கியது, 2023-இல் உச்சத்துக்குப் போனது. 2024 மார்ச் கடைசியிலிருந்து பெருமளவு ஓய்ந்திருக்கிறது. மின்வாரியமான எஸ்காமின் வெட்டு அட்டவணை இல்லாவிட்டாலும் புயல் மழை, கேபிள் திருட்டு, சில பகுதிகளில் சுமை மிஞ்சும்போது அணைக்கும் லோடு ரிடக்‌ஷன் என்று கரண்ட் போவது நின்றுவிடவில்லை.

கரண்ட் போவதைவிடத் திரும்பி வருவதுதான் ஆபத்து. தெரு முழுக்க ஃபிரிட்ஜ், கீசர், மோட்டார் எல்லாம் ஒரே நொடியில் உயிர்பெறும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும். அந்த நேரத்தில் பிளக்கில் இருக்கும் பவர் சப்ளைதான் அடியை வாங்குகிறது. அதனால் கரண்ட் போனதும் கணினிப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். வந்த பிறகு சில நிமிடம் பொறுத்துப் போடுங்கள். செலவில்லாத பாதுகாப்பு இதைவிட வேறு இல்லை.

ஜோகன்னஸ்பர்க் பக்கம் இன்னொன்றும் உண்டு. ஹைவெல்ட் என்ற அந்த மேட்டுநிலத்தின் கோடைக்கால மாலை இடி. மின்னல் வீட்டின் மேல் விழ வேண்டும் என்பதில்லை, அக்கம்பக்கத்தில் விழுந்தாலே வயர்கள் வழியாக உள்ளே வரும். ஃபைபர் இழை கண்ணாடி, அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அந்த ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஓர் அடாப்டர் இருக்கிறது. அங்கிருந்து கணினிக்கு ஒரு நெட்வொர்க் வயர் போகிறது. இடிக்கு முன் பவர் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு அந்த வயரை விட்டுவிட்டால் வேலை அரைகுறைதான்.

சரி, பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. லைட் இல்லை, சத்தம் இல்லை. இப்போது சுவரிலிருந்து கணினி நோக்கி ஒவ்வொன்றாக வாருங்கள்.

மல்ட்டிபிளக்கை நம்பாதீர்கள். அதில் தனி ஸ்விட்ச் இருக்கும். சிலவற்றில் சுமை அதிகமானால் வெளியே துருத்திக்கொள்ளும் சிறிய பட்டனும் இருக்கும். கணினியை நேராகச் சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள். அதற்கு முன் அதே பிளக்கில் ஒரு மேசை விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டால் சுவர் மேல் இருந்த சந்தேகமும் தீர்ந்தது. பிரீபெய்டு மீட்டரில் யூனிட் இருக்கிறதா என்று கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

தமிழ்நாட்டிலிருந்து கணினியோ யூபிஎஸ்ஸோ கொண்டுவந்தவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இங்கே சுவரில் இருப்பது 15 ஆம்பியர், மூன்று உருண்டை முள். ஊரில் ஏசிக்கும் கீசருக்கும் வைக்கிறோமே, அந்தப் பெரிய பிளக்கேதான். கணினியுடன் வருவதோ சிறிய முள். அதனால் அடாப்டர், அதன்மேல் இன்னோர் அடாப்டர், அப்புறம் மல்ட்டிபிளக் என்று கோபுரம் கட்டுகிறோம். ஒவ்வொரு அடுக்கிலும் கொஞ்சம் தளர்ச்சி, கொஞ்சம் சூடு. அடாப்டரைக் கழற்றி முள் நுழையும் இடம் பழுப்பேறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது குப்பைக்கு. மேசைக் கணினியின் பவர் வயர் உலகம் முழுக்க ஒரே மாதிரி. அந்தப் பக்கம் கணினிக்குள் போகும் முனை மாறாது. இங்குள்ள பிளக் வைத்த வயர் ஒன்றை வாங்கிவிட்டால் கோபுரமே தேவையில்லை.

அடுத்தது கணினியின் பின்பக்கம். பவர் சப்ளையில் ஒரு ஸ்விட்ச் இருக்கும், ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் வட்டம். கோடு அழுந்தியிருக்க வேண்டும். வீட்டைப் பெருக்கும்போது துடைப்பம் பட்டு வட்டத்துக்குப் போன ஸ்விட்ச் பல மணி நேரத் தவிப்பைக் கொடுத்திருக்கிறது. மிகப் பழைய பெட்டிகளில் 115 / 230 என்று சிவப்புச் சறுக்கு ஸ்விட்ச் ஒன்றும் உண்டு. இங்கே 230 வோல்ட். அதை மறந்தும் 115-க்கு நகர்த்தாதீர்கள், ஒரு வெடிச்சத்தத்தோடு கதை முடிந்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் உயிர் வரவில்லையா? பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றிய நிலையிலேயே பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். மறுபடி சொருகி முயலுங்கள். மந்திரம் மாதிரி தெரியும், ஆனால் காரணம் உண்டு. கரண்ட் அரைகுறையாக வந்து போகும்போது பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று "ஆபத்து" என்று பூட்டிக்கொள்ளும், உள்ளே தேங்கிய மின்சாரம் இருக்கும்வரை அந்தப் பூட்டும் நிற்கும். தேக்கத்தை வடித்துவிட்டால் பூட்டு திறக்கிறது. லேப்டாப்புக்கும் இதே வைத்தியம்தான். சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கழலும் வகை என்றால் அதையும் எடுத்துவிட்டுப் பட்டனைப் பிடியுங்கள்.

கணினிப் பிளக்கைப் போட்டாலே டிபி போர்டில் (வீட்டின் மெயின் ஸ்விட்ச் பெட்டி) மின்கசிவைத் தடுக்கும் எர்த் லீக்கேஜ் ஸ்விட்ச் விழுந்துவிடுகிறது என்றால் அதோடு நிறுத்துங்கள். அந்த ஸ்விட்ச் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும்படி வைக்கப்பட்டிருக்கிறது, உங்கள் உயிருக்காக. எர்த் முள்ளை வெட்டிவிட்டால் விழாது என்று யாராவது யோசனை சொன்னால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள். பவர் சப்ளையைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். டர்பன் வீடுகளில் சூடான இடம் தேடிப் பல்லி உள்ளே போய் ஷார்ட் ஆவதும் நடக்கிறது. கருகிய வாடை வந்தால் உள்ளே இருப்பது பல்லியா கெப்பாசிட்டரா என்று ஆராய வேண்டியது நீங்கள் அல்ல. பவர் சப்ளையை அப்படியே மாற்றுவதுதான் முறை. தெரிந்தவரிடம் ஒன்று இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

யூபிஎஸ் அல்லது இன்வெர்ட்டர் வழியாக ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. விலை குறைந்தவை சுவரில் வருவது போன்ற சீரான அலையைத் தருவதில்லை, படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டித் தருகின்றன. சில நல்ல பவர் சப்ளைகளுக்கு அது ஒத்துக்கொள்ளாது. சுவரில் போட்டால் ஓடும், இன்வெர்ட்டருக்கு மாறிய நொடியில் அணைந்துவிடும். கணினி கெட்டுவிட்டதாக நினைத்துப் பயப்பட வேண்டாம்.

லேப்டாப் என்றால் சார்ஜரை முதலில் சந்தேகியுங்கள். யூஎஸ்பி-சி வந்தபின் போன் சார்ஜரையே லேப்டாப்பில் சொருகும் பழக்கம் வந்திருக்கிறது. 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 20 வாட் சார்ஜர் போதாது, தீர்ந்துபோன பேட்டரியை அது எழுப்பாது. டச்பேட் மேலெழும்பி இருந்தாலோ மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், கடைக்குக் கொண்டுபோங்கள்.

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு

இங்கே முதல் சந்தேகம் திரை மேலேயே. மானிட்டர் விளக்கு எரிகிறதா? "சிக்னல் இல்லை" என்கிறதா? அப்படியானால் மானிட்டர் உயிரோடு இருக்கிறது, கணினியிலிருந்து எதுவும் வரவில்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும் கணினியில் மானிட்டர் வயரை அந்தக் கார்டில்தான் சொருக வேண்டும். மேலே மதர்போர்டில் அதே மாதிரி ஓட்டை இருக்கிறதே என்று அதில் போட்டால் பல கணினிகளில் கறுப்புதான். வீடு மாறிய மறுநாள் வரும் புகார்களில் இதற்குத் தனி இடம் உண்டு. லேப்டாப் என்றால் டிவியில் ஒரு எச்டிஎம்ஐ வயர் போட்டுப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் கெட்டது லேப்டாப்பின் திரை மட்டும்தான்.

அடுத்தது ரேம். மேசைக் கணினியில் வீட்டிலேயே துணிந்து கை வைக்கக்கூடிய பாகம் இது. பிளக்கைக் கழற்றி, கணினிப் பெட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் பெயின்ட் அடிக்காத இரும்பை ஒரு முறை தொடுங்கள். ஜோகன்னஸ்பர்க்கின் குளிர்காலம் மிகவும் வறண்டது, ஸ்வெட்டரைக் கழற்றினாலே பொறி பறக்கும். அந்தப் பொறி ரேமைக் கொன்றுவிடும். டர்பனில் பிரச்சினை நேர் எதிர். கடல்காற்றின் ஈரமும் உப்பும் ரேமின் பொன்னிறப் பற்களில் மெல்லிய படலமாகப் படிகின்றன. இரண்டு ஓரத்திலும் இருக்கும் கவ்வியை விடுவித்து ரேமை எடுத்து, பற்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்ததும் "டக்" என்று கவ்வி விழும்வரை அழுத்திச் சொருகுங்கள். பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம்மவர்களிடம் பரம்பரை வைத்தியம். பலிக்கத்தான் செய்கிறது, ஆனால் ரப்பர்த் துகளைத் துடைக்காமல் சொருகாதீர்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு முயலுங்கள், பிறகு மற்றதை. எதைப் போட்டால் கறுப்போ அது குற்றவாளி.

சில மதர்போர்டுகள் "பீப்" என்று எண்ணிக்கையாகக் கூவும். ஒவ்வொரு கம்பெனிக்கும் கணக்கு வேறு என்பதால் மதர்போர்டின் கையேட்டைப் பார்க்காமல் பொருள் சொல்ல முடியாது. புதியவற்றில் நான்கு சிறு விளக்குகள் வைத்து, பக்கத்திலேயே சிபியு (பிராசசர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (கிளம்பும் டிஸ்க்) என்று எழுதியிருப்பார்கள். எந்த விளக்கில் நின்றுவிடுகிறதோ அங்கேதான் கோளாறு. இன்னொன்று, டிடிஆர்5 ரேம் போட்ட புதுக் கணினி முதல்முறை கிளம்பும்போது ரேமோடு பழக்கப்படுத்திக்கொள்ளச் சில நிமிடங்கள் கறுப்பாகவே நிற்கும். பொறுமையில்லாமல் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து.

காசு அளவு பேட்டரி

இது சின்ன விஷயம், ஆனால் இந்த நாட்டில் அடிக்கடி தடுமாற வைப்பது. மதர்போர்டில் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. கணினி மின்சாரமே இல்லாமல் இருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். பல போர்டுகளில் பயாஸ் அமைப்புகளைக் காப்பாற்றுவதும் அதுதான். பிளக் சுவரில் இருக்கும்வரை முன்பு சொன்ன அந்த 5 வோல்ட்டே இந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதனால் பேட்டரி செத்து மாதக்கணக்கானாலும் நமக்குத் தெரியாது. ஒரு நாள் நீண்ட பவர் கட். அல்லது நான் மேலே சொன்னதைக் கேட்டு நல்ல பிள்ளையாகப் பிளக்கைக் கழற்றுகிறீர்கள். மறுநாள் கணினி கிளம்பவில்லை!

என்ன ஆனது? பயாஸ் எல்லாவற்றையும் மறந்து தொழிற்சாலை அமைப்புக்குப் போய்விட்டது. டிஸ்க்கோடு எந்த முறையில் பேசுவது என்ற அமைப்பு மாறினால் விண்டோஸ் தன் டிஸ்க்கையே அடையாளம் தெரியாமல் பிழைச் செய்தியோடு நீலத் திரை (அண்மைய விண்டோஸ் 11-இல் கறுப்புத் திரை) காட்டும். கிளம்பும் முறை பழைய வகைக்கு மாறியிருந்தால் "கிளம்ப டிஸ்க் இல்லை" என்று வரும். பார்ப்பவருக்கு இரண்டுமே விண்டோஸ் அழிந்துபோன மாதிரி தோன்றும். டிஸ்க்கில் ஒரு எழுத்துகூடக் கெட்டிருக்காது. பயாஸுக்குள் போய்த் தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் பேட்டரிதான். புதிதாக ஒன்று போட்டு, டிஸ்க் முறையையும் கிளம்பும் முறையையும் முன்பிருந்தபடி வைத்தால் கணினி எதுவும் நடக்காதது போல எழும். இப்போது உங்கள் கணினி நன்றாக ஓடுகிறது என்றால், பயாஸின் அந்த இரண்டு பக்கங்களையும் போனில் படம் எடுத்து வையுங்கள். அன்றைக்குக் கை கொடுக்கும்.

டிஸ்க் கிடைக்கவில்லை என்கிறது

பேட்டரி நன்றாக இருந்தும் இந்தச் செய்தி வந்தால், சொருகியிருக்கும் பென்டிரைவ், மெமரி கார்டு, வெளி டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். கணினி அவற்றிலிருந்து கிளம்பப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருக்கலாம்.

பிறகு கிளம்பும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்து பயாஸுக்குள் போங்கள். எந்த விசை என்பது கம்பெனியைப் பொறுத்தது, முதல் திரையிலேயே ஓரத்தில் எழுதியிருப்பார்கள். அங்கே டிஸ்க்கின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் டிஸ்க் உயிரோடு இருக்கிறது, தொடக்க நிரலில்தான் சிக்கல், சரிசெய்யலாம். இல்லாவிட்டால் வயர் தளர்ந்திருக்கலாம், சுற்றாத புது வகை டிஸ்க்கான எஸ்எஸ்டியின் திருகு கழன்றிருக்கலாம், டிஸ்க்கே போயிருக்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு வயரை எடுத்துச் சொருகிப் பாருங்கள். பழைய வகை ஹார்ட் டிஸ்க் "டிக்... டிக்..." என்று தட்டினால் இனி ஆன் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை சுற்றும்போதும் மிச்சம் இருப்பதும் சுரண்டப்படுகிறது.

விண்டோஸ் பாதியில் நிற்கிறது

புள்ளி சுற்றிக்கொண்டே இருக்கிறது, அல்லது நீலத் திரை வந்து மறுபடி முதலிலிருந்து. வன்பொருள் பெரும்பாலும் தப்பித்தது.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. விண்டோஸ் 10, 11-இல் "ஷட் டவுன்" கொடுத்தால் வழக்கமாக முழுதாக அணைவதில்லை. உள் நிலையில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அதையே வாசித்துக் கிளம்புகிறது, வேகத்துக்காக. அந்தப் பதிவு கெட்டிருந்தால் தினமும் அதே கோளாறுதான் திரும்ப வரும். "ரீஸ்டார்ட்" கொடுத்தால் புதிதாகத் தொடங்கும். ஷிஃப்ட்டைப் பிடித்தபடி ஷட் டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையும்.

அடுத்தடுத்து கிளம்பத் தவறினால் விண்டோஸ் தானாகவே ஒரு நீல நிற மீட்புத் திரைக்குப் போகும். அங்கே ஸ்டார்ட்அப் ரிப்பேர் என்பதை முதலில் கொடுங்கள், தொடக்க நிரலின் சிக்கல்களை அது தானே சரிசெய்யும். கோளாறு ஒரு அப்டேட் முடிந்த கையோடு வந்திருந்தால், கடைசி அப்டேட்டை நீக்கும் வழியும் அதே திரையில் உண்டு. எதுவும் பலிக்காவிட்டால் சேஃப் மோடு. அதில் விண்டோஸ் மிகத் தேவையான டிரைவர்களை (பாகங்களை இயக்கும் சிறு நிரல்கள்) மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பும். சேஃப் மோடில் ஓடுகிறது, வழக்கமாக ஓடவில்லை என்றால், நீங்கள் அண்மையில் போட்ட டிரைவரோ மென்பொருளோதான் குறுக்கே நிற்கிறது. அதை நீக்கிவிட்டு மறுபடி முயலலாம். டிஸ்க்கைச் சோதிப்பதாகச் சதவீதம் ஓடினால் முடியும்வரை விடுங்கள், அது நகராத மாதிரி தெரிந்தாலும்.

இந்த மீட்புத் திரையில் சிலருக்கு ஒரு சுவர் எழும்பும். 48 இலக்க எண்ணைக் கேட்கும். அது பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் ஏற்பாடு. புதிய லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்தாலே டிஸ்க் பூட்டப்பட்டுவிடுவது உண்டு, பல வீடுகளில் இது தெரியவே தெரியாது. சாவி எண் பெரும்பாலும் அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், போனிலிருந்து உள்நுழைந்து பார்க்கலாம். கடவுச்சொல்லும் மறந்துவிட்டது என்றால் கஷ்டம்தான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு கோப்பு தவறாகப் போய், உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்தனவே, நினைவிருக்கும். மருந்து மிக எளிது, சேஃப் மோடுக்குப் போய் அந்த ஒரு கோப்பை அழிப்பது. ஆனால் டிஸ்க் பூட்டியிருந்த கணினிகள் ஒவ்வொன்றிலும் யாராவது உட்கார்ந்து அந்த நீண்ட எண்ணைத் தட்ட வேண்டியிருந்தது. பெரிய நிறுவனங்களே திணறின. உங்கள் எண்ணை இன்றே ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட் வைக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள்.

ஃபார்மட்டுக்கு முன்

எதுவும் பலிக்கவில்லை, விண்டோஸைப் புதிதாகப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், கோப்புகளை வெளியே எடுக்காமல் ஃபார்மட் பட்டனைத் தொடாதீர்கள். இன்னொரு கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய, உபுண்டு மாதிரியான ஒரு லினக்ஸை 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, கிளம்பாத கணினியை அதிலிருந்து கிளப்பலாம். நிறுவக் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லி, முயன்று பார்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்க்கைத் திறந்து படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்குக்கு இழுத்துவிடலாம். பூட்டிய டிஸ்க்குக்கு இங்கேயும் அந்த எண் வேண்டும். இதில் இன்னோர் ஆதாயமும் உண்டு. லினக்ஸ் ஒரு மணி நேரம் அணையாமல் ஓடினால் பவர் சப்ளை, ரேம், பிராசசர் மேல் சந்தேகம் பெருமளவு நீங்கிவிட்டது. லினக்ஸும் பாதியில் உறைந்தால் விண்டோஸை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் வீண்.

விண்டோஸிலேயே "என் கோப்புகளை வைத்துக்கொள்" என்று ஒரு ரீசெட் வழி இருக்கிறது. அது படங்களை விட்டுவிட்டு மென்பொருள்களை மட்டும் நீக்கும். நல்ல வழிதான். ஆனால் பிரதி எடுக்காமல் அதையும் நான் யாருக்கும் சொல்வதில்லை.

கடைக்குக் கொண்டுபோவதானால் "ஆன் ஆகல" என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஒரு தாளில் எழுதுங்கள்: கடைசியாக எப்போது ஓடியது, அதற்கு முன் என்ன நடந்தது, கரண்ட் போனதா, இடி இடித்ததா, அப்டேட் ஓடியதா, லைட் எரிகிறதா, கம்பெனி பெயர் வருகிறதா, திரையில் என்ன வாசகம். வாசகத்தைப் போனில் படம் எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது. அதற்குக் கீழே, உள்ளே இருக்கும் கோப்புகள் எனக்கு வேண்டும், என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது என்று எழுதி, கடைக்காரர் கொடுக்கும் ரசீதிலும் அதையே எழுதித் தரச் சொல்லுங்கள்.